தெளிவாகத் தெரிகிற கண்களுக்கு

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, “கண்ணு நல்லாத்தானே தெரியுது” என்று கண் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு வருபவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும்,

விழித்திரை வலி அறியாத உறுப்பு. பல்லில் சொத்தை விழுந்தால் இரவெல்லாம் தூங்க விடாது. காலில் முள் குத்தினால் அடுத்த அடி வைக்க முடியாது. விழித்திரையில் இரத்தம் கசிந்தாலும், கொழுப்புப் படிந்தாலும், ஒரு பகுதி இரத்த ஓட்டமின்றிக் காய்ந்தே போனாலும் உடையவருக்கு எதுவும் உறைக்காது. நீரிழிவு செய்யும் சேதம் பல வேளைகளில் பார்வையின் நடுப்புள்ளிக்கு வெளியே தொடங்குகிறது. அதனால், மருத்துவமனைச் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை தடங்கலின்றி வாசிப்பவருக்குக்கூட நோய் முற்றிய கட்டத்தில் இருக்கலாம். பார்வை தெளிவாக இருப்பது விழித்திரை நலமாக இருப்பதற்குச் சான்று ஆகாது. இம்மடல் சொல்ல வந்தது இவ்வளவே. மற்றதெல்லாம் அது ஏன் அப்படி என்பதற்கான விளக்கம்.

விழித்திரை என்பது கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் படலம். அதன் தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். ஒளியை வாங்கி மின்குறிப்பாக மாற்றும் கோடிக்கணக்கான செல்கள், அக்குறிப்புகளைத் தொகுத்து மூளைக்கு அனுப்பும் நரம்பு செல்கள், இவற்றுக்கு ஊட்டம் கொண்டுவரும் இரத்தக் குழாய்கள் ஆகிய அனைத்தும் அந்தக் கால் மில்லிமீட்டருக்குள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. கருவில் மூளையிலிருந்து புடைத்து வெளிவரும் ஒரு பகுதிதான் பின்னர் விழித்திரையாக வளர்கிறது. ஊர்ப்பக்கம் இந்த நோயைக் “கண் நரம்பு பாதிப்பு” என்று சொல்கிறார்கள். விழித்திரை நரம்புத் திசுதான் என்பதால் அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் மருத்துவரின் கருவிக்கு முதலில் தென்படுவது, அந்த நரம்புத் திசுவுக்கு ஊட்டம் தரும் மயிரிழைக் குழாய்கள் சிதைவதுதான்.

விழித்திரையின் நடுவே ஐந்தரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத்துக்கு மாக்குலா என்று பெயர். ஊசியில் நூல் கோப்பது, பத்திரிகை வாசிப்பது, தூரத்தில் வரும் பேருந்தின் பலகையைப் படிப்பது, எதிரே நிற்பவரின் முகத்தை இன்னாரென்று அறிவது எல்லாம் இந்தச் சிறு வட்டத்தின் வேலை. அதன் மையக் குழிவில் சுமார் அரை மில்லிமீட்டர் இடத்தில் இரத்தக் குழாயே கிடையாது. ஒளிக்குக் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது என்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. மிச்சமுள்ள பெரும்பரப்பு பக்கவாட்டுப் பார்வைக்கும், மங்கிய வெளிச்சத்தில் நடமாடுவதற்கும் உதவுகிறது. எழுத்து அட்டை சோதிப்பது அந்த நடு வட்டத்தை மட்டுமே. சுற்றியுள்ள பரப்பில் எத்தனை கசிவு இருந்தாலும் அட்டை அதைக் காட்டிக்கொடுக்காது.

உடலில் எடைக்கு எடை ஒப்பிட்டால் மிக அதிகமாக ஆக்சிஜனைச் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. அதன் எரிபொருள் சர்க்கரை. தசை செல்லுக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். விழித்திரையின் குழாய்ச் சுவர்களிலோ இன்சுலினுக்குக் காத்திராத கதவுகள் இருக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறதோ அந்த அளவுக்கு உள்ளேயும் ஏறும். வேண்டாம் என்று தடுக்கும் வழி அந்தச் செல்களுக்கு இல்லை. மிஞ்சிய சர்க்கரை வழக்கமான பாதையில் எரிந்து தீராமல் வேறு பாதைகளில் திரும்புகிறது. ஒரு பங்கு சார்பிட்டால் என்னும் பொருளாக மாறித் தேங்குகிறது. இன்னொரு பங்கு புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைக்கச் செய்கிறது. எரிப்பு மிகையானதில் உண்டாகும் ஆக்சிஜன் நச்சுகள் செல்லின் உள்ளுறுப்புகளை அரிக்கின்றன. இத்தனை பாதைகளுக்கும் அந்த நச்சுகளே மூலம் என்ற விளக்கத்தை அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பிரௌன்லீ 2001இல் முன்வைத்தார்.

இந்த வேதியியல் குழப்பத்தில் முதலில் சாகிற செல்கள் எவை என்பதை பாஸ்டனைச் சேர்ந்த டேவிட் கோகனும் டோய்ச்சிரோ குவபாராவும் 1960, 1961ஆம் ஆண்டுகளில் கண்டுகாட்டினர். இறந்தவர்களின் விழித்திரையை டிரிப்சின் என்ற செரிமான நொதியில் ஊறவைத்தால் நரம்புப் பகுதி கரைந்து, குழாய்ப் பின்னல் மட்டும் சிலந்தி வலைபோல மிஞ்சும். அந்த வலையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, நீரிழிவு இருந்தவர்களின் மயிரிழைக் குழாய்களைச் சுற்றி அணைத்திருக்க வேண்டிய ‘பெரிசைட்’ செல்களைக் காணவில்லை. அவை இருந்த இடத்தில் வெற்றுக் கூடுகள் மட்டும் இருந்தன. மிதிவண்டிச் சக்கரத்தில் உள்குழாயை இறுக்கிப் பிடிக்கும் டயருக்கு இந்தச் செல்களை ஒப்பிடலாம். டயரில் ஓட்டை விழுந்தால் அந்த இடத்தில் டியூப் பிதுங்கும் அல்லவா? பெரிசைட் செத்த இடத்தில் குழாயின் சுவர் அப்படித்தான் குமிழாகப் பிதுங்குகிறது. மருத்துவரின் கண்ணில் படும் முதல் அடையாளம் இந்த நுண்குமிழ். விழித்திரையில் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரியும். பல குமிழ்களின் அகலம் ஒரு தலைமுடியின் தடிமனைக்கூட எட்டாது.

குமிழ்கள் சில வெடித்துச் சிறு இரத்தத் திட்டுகள் ஆகின்றன. சில, வெடிக்காமலே இரத்தத்தின் நீரையும் கொழுப்பையும் கசியவிடுகின்றன. நீரை உடல் மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. கொழுப்பு மஞ்சள் துகள்களாகப் படிந்து நின்றுவிடுகிறது. எங்காவது ஒரு நுண்குழாய் முழுதாக அடைபட்டால், அதை நம்பியிருந்த நரம்பிழைகள் வீங்கி, பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெள்ளைத் திட்டாகத் தெரிகின்றன. சிரைகள் ஒரே பருமனாக ஓடாமல் மணிகள் கோத்த மாலையைப் போல ஆங்காங்கே பருத்தும் மெலிந்தும் போனால் நோய் கடுமையாகிவிட்டது என்று பொருள். இந்தக் கடும் கட்டத்தை எட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் அடுத்த கட்டம் தொடங்கிவிடும் என்பது பல ஆயிரம் கண்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வின் கணக்கு. அவர்களில் பலருக்கு அதுவரையிலும் பார்வையில் ஒரு குறையும் இருப்பதில்லை.

கசிவு மாக்குலாவுக்குள் நடந்தால் கதை வேறு. அங்கே நீர் தேங்கித் திசு கடற்பஞ்சுபோல உப்புகிறது. நேர்க்கோடு வளைந்து தெரியும், எழுத்துகள் கலங்கும், நிறங்கள் வெளிறும். இந்த மாக்குலா வீக்கம் நோயின் எந்தக் கட்டத்திலும் வரலாம். நீரிழிவால் பார்வை குறைபவர்களில் மிகுதியானவர்களுக்கு இதுவே காரணம். ஒரு கண்ணில் மட்டும் மெதுவாக வந்தால் இதுவும் தெரியாமலே நகரும், ஏனென்றால் மற்றொரு கண் ஈடுகொடுத்துவிடுகிறது. எப்போதாவது தூசி விழுந்து ஒரு கண்ணைக் கசக்கும்போது, மற்ற கண் மங்கியிருப்பது திடுக்கென்று தெரியவரும்.

அடுத்த கட்டத்தை இயற்கையின் தவறிப்போன வைத்தியம் என்று சொல்லலாம். அடைபட்ட குழாய்களால் பட்டினி கிடக்கும் விழித்திரை, புதுக் குழாய்கள் வேண்டும் என்று ஒரு வேதிப்பொருளைச் சுரந்து ஆள்விடுகிறது. அப்படி ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்று ஐசக் மைக்கேல்சன் 1948இலேயே ஊகித்தார். அது எது என்று பிடிபட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ‘வெஜ்எஃப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியை 1989இல் நெப்போலியோன் ஃபெராராவின் குழு பிரித்தெடுத்துப் பெயரிட்டது. நீரிழிவு முற்றிய கண்களின் திரவத்தில் அது மிகுந்து கிடப்பதை 1994இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். இந்த அழைப்பைக் கேட்டு முளைக்கும் குழாய்கள் தேவைப்பட்ட இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. விழித்திரையின் மேற்பரப்பில் ஏறி, கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ்மத்தில் படர்கின்றன. மழைக்காலத்தில் சுவரில் படரும் கொடியைப் போன்ற பலவீனமான குழாய்கள். ஒரு தும்மலில், ஒரு புரண்டு படுத்தலில், சும்மா இருக்கும்போதுகூட அவை கிழியும்.

கிழிந்தால் கண்ணுக்குள் இரத்தம் கொட்டுகிறது. “கண்ணுக்கு முன்னால் கருப்பாகப் பூச்சி பறக்குது”, “புகை சுத்துது”, “கரித்திரை இறங்கினாப்புல இருக்கு” என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். முதல் நாள் இரவு வரை தெளிவாகப் பார்த்தவர் காலையில் கைவிரல்களை எண்ண முடியாமல் எழுந்திருப்பார். இரத்தம் சில வாரங்களில் தானாகக் கலைந்துபோகவும் கூடும். அது கலைந்ததும் நோய் தீர்ந்துவிட்டதாக எண்ணி வீட்டோடு இருந்துவிடுவது இந்த நோயில் நடக்கும் பெரும் பிழைகளில் ஒன்று. புதுக் குழாய்களோடு நார்த்திசுவும் வளர்கிறது, வளர்ந்தது சுருங்குகிறது, சுருங்கும்போது ஒட்டியிருக்கும் விழித்திரையையும் சுவரிலிருந்து பிய்த்து இழுக்கிறது. வேறு சிலருக்குக் குழாய்கள் கண்ணின் முன்பகுதிக்கு வந்து, கண்நீர் வடியும் வாசலை அடைத்துக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். இவ்வளவு காலமும் வலி அறியாதிருந்த நோய் அப்போதுதான் முதன்முறையாக வலிக்கிறது. அந்த நேரத்தில் காப்பாற்ற எஞ்சியிருப்பது மிகக் குறைவு.

பார்வை மங்குவதெல்லாம் இந்த நோயால் என்றும் சொல்ல முடியாது. சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் கண்ணின் லென்ஸ் உப்பிச் சுருங்கும். கண்ணாடியின் பவர் சில வாரங்களுக்குள் மாறிமாறித் தெரியும். புதிதாக மருந்து தொடங்கியவர்கள் அந்த மங்கலுக்குப் பயந்து உடனே கண்ணாடி செய்துகொள்கிறார்கள். சர்க்கரை நிலைப்பட்டதும் அது பொருந்தாமல் போகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் கண்புரையும் மற்றவர்களைவிட முன்னதாகவே வரும். இந்தக் குழப்பத்துக்கு நடுவே, கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்துவிட்டு வருவதைக் கண் பரிசோதனை என்று கணக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கடையில் பார்ப்பது லென்ஸின் குவியத்தை. விழித்திரையைப் பார்க்கக் கண்மணியைச் சொட்டு மருந்தால் விரித்தோ, அதற்கான கேமராவில் படம் எடுத்தோ ஆக வேண்டும். கேரட்டும் பொன்னாங்கண்ணிக் கீரையும் கண்ணுக்கு நல்லவை என்பதில் ஐயமில்லை. அவை ஈடுசெய்வது வைட்டமின் ஏ பற்றாக்குறையை. கசியும் குழாயை அடைக்கும் ஆற்றல் எந்தக் கீரைக்கும் இல்லை.

இந்த நோயை நீரிழிவோடு முதலில் தொடர்புபடுத்தியவர் வியன்னாவின் எட்வார்ட் யேகர். கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் உலகுக்கு அறிவித்த சில ஆண்டுகளிலேயே, நீரிழிவு நோயாளி ஒருவரின் மாக்குலாவில் மஞ்சள் திட்டுகளை அவர் கண்டார். அக்காலத்தின் பெருமருத்துவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1921இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும்வரை முதல் வகை நீரிழிவு வந்தவர்கள் கண் கெடும் அளவுக்கு உயிர் வாழ்ந்ததே அரிது. இன்சுலின் அவர்களைப் பிழைக்கவைத்தது. பிழைத்தவர்கள் பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்துக் கண் மருத்துவர்களிடம் வந்து நின்றார்கள். “இன்சுலின் போட்டால் கண் போயிடும்” என்று இன்றும் நம் தெருக்களில் உலவும் அச்சத்துக்கு வேறொரு வேர் உண்டு. பல்லாண்டு சர்க்கரை கட்டுக்குள் வராமல், மாத்திரைகள் பலிக்காமல் போன பின்பே பலருக்கு இன்சுலின் எழுதப்படுகிறது. கண்ணின் சேதமும் அதே காலத்தில்தான் வெளிப்படுகிறது. பழி ஊசியின்மேல் விழுகிறது.

வந்த நோய்க்கு வைத்தியம் தேடியவர்கள் எங்கெல்லாம் போயிருக்கிறார்கள் என்பது வியப்பூட்டும். 1953இல் டென்மார்க்கின் ஜேக்கப் பௌல்சன் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். பிரசவத்துக்குப் பின் அவருடைய பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்துபோக, நீரிழிவால் கெட்டிருந்த விழித்திரை தேறியிருந்தது. அந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகள் கண்ணைக் காப்பாற்ற மூளையடியிலுள்ள பிட்யூட்டரியை அகற்றினார்கள், கதிர்வீச்சால் அழித்தார்கள். சிலருக்குக் கண் தேறியது. ஆனால் வாழ்நாள் முழுக்க ஹார்மோன் மாத்திரைகளை நம்பி வாழ வேண்டியதாயிற்று.

விடிவு சூரியனிடமிருந்து வந்தது. 1945 ஜூலை 9 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து மாக்குலாவைச் சுட்டுக்கொண்ட ஒரு மாணவரை ஜெர்மானியக் கண் மருத்துவர் கெர்ஹார்ட் மேயர் ஷ்விக்கராத் பரிசோதித்தார். தற்செயலாகச் சுடும் ஒளியைத் திட்டமிட்டுச் சுடவைக்க முடியாதா என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. ஹாம்பர்க் மருத்துவமனையின் மாடியில் கண்ணாடிகளால் சூரிய ஒளியைத் திரட்டி நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். மேகம் மூடினால் வைத்தியம் இல்லை. பிறகு செனான் விளக்கு வந்தது, 1960இல் லேசர் பிறந்தது, 1968 வாக்கில் ஆர்கன் லேசர் கண்ணுக்கு வந்து சேர்ந்தது.

லேசர் உண்மையில் உதவுகிறதா என்று கேட்டு அமெரிக்கா 1970களில் நடத்திய ஆய்வு, மருத்துவ வரலாற்றில் நேர்மையான சோதனைகளில் ஒன்று. 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு லேசர், மறு கண்ணைச் சும்மா விட்டுவைத்துக் கவனித்தல். இரண்டு ஆண்டில் லேசர் போடாத கண்களில் சுமார் 16 விழுக்காடு கடுமையாகப் பார்வை இழந்தன. போட்ட கண்களில் அது 6 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கவே, 1976இல் திட்டத்தை மாற்றி மறு கண்ணுக்கும் சிகிச்சை அளிக்க அனுமதித்தார்கள். இதன் சூட்சுமம் கொஞ்சம் கொடூரமானது. பட்டினி கிடக்கும் ஓர விழித்திரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு சூடுகள் வைக்கப்படுகின்றன. சுடப்பட்ட இடம் ஆக்சிஜன் கேட்பதை நிறுத்துகிறது. வெஜ்எஃப் சுரப்பு தணிகிறது. புதுக் குழாய்கள் வாடுகின்றன. கையைக் காக்க விரலை இழப்பது போன்ற பேரம். இரவுப் பார்வையும் பக்கவாட்டுப் பார்வையும் ஓரளவு குறையும். “லேசர் போட்டும் முன்னைப்போலத் தெரியல” என்ற மனக்குறை பலருக்கு வருவதன் காரணம், லேசரின் நோக்கத்தை முன்கூட்டி யாரும் அவர்களுக்கு விளக்காததுதான். இருப்பதைக் காப்பதற்கான சிகிச்சை அது.

இரத்தம் கலையாமல் நின்றுவிட்டால், விழித்திரையை நார் இழுத்தால், அறுவை சிகிச்சை தேவைப்படும். மயாமியில் ராபர்ட் மாக்கமர், முட்டையின் வெண்கருவை உறிஞ்சிப் பழகிய ஒரு கருவியைக் கொண்டு 1970இல் கண்ணின் கூழ்மத்தை வெட்டி அகற்றும் முறையைத் தொடங்கிவைத்தார். அதற்கு முன் அந்தக் கண்கள் போனவை போனவைதான்.

இன்று மாக்குலா வீக்கத்துக்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் ஊசி. வெஜ்எஃப்பைக் கட்டிப்போடும் மருந்தைக் கண்ணின் வெள்ளைப் பகுதி வழியாக உள்ளே செலுத்துகிறார்கள். “கண்ணுல ஊசியா?” என்ற பதற்றம் இயல்பு. மரத்துப்போகச் சொட்டு விட்டபின் நடக்கும் அந்தக் காரியம் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. கண்ணுக்குள் கிருமித் தொற்று வருவது அரிது. ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட், ஃபாரிசிமாப் ஆகியவை இதற்கென அனுமதி பெற்றவை. குடல் புற்றுநோய்க்காக வந்த பெவாசிசுமாப் விலை குறைவு என்பதால் உலகெங்கும் பயன்படுகிறது. ரானிபிசுமாபின் முதல் ஒத்த மருந்து 2015இல் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட், பெவாசிசுமாப் ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, பார்வை ஓரளவே குறைந்திருந்தவர்களுக்கு மூன்றும் ஒரே பலனைத் தந்ததாகவும், அதிகம் குறைந்திருந்தவர்களுக்கு முதல் ஆண்டில் அஃப்லிபர்செப்ட் கூடுதலாக உதவியதாகவும் 2015இல் தெரிவித்தது. முதல் ஆண்டில் எட்டு ஒன்பது ஊசிகள்வரை தேவைப்படலாம். பணமும் பயணமும் கூட வரும் துணையின் ஒரு நாள் கூலியும் சேர்ந்து பலரை மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுகின்றன. லேசரோடு ஒப்பிடுகையில் ஊசிக்கு ஒரு பலவீனம் உண்டு: பாதியில் விட்டால் நோய் விட்ட இடத்திலிருந்து வேகமாகத் தொடரும். தொடர்ந்து வர இயலாத நிலையில் இருப்பவர் அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட்டால், லேசரை முன்வைத்துத் திட்டமிட முடியும்.

இவை எல்லாம் வெள்ளம் வந்தபின் போடும் அணைகள். மேலே நீர்வரத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவும் கனடாவும் 1983 முதல் 1993 வரை 1,441 முதல் வகை நீரிழிவுக்காரர்களைத் தொடர்ந்து கவனித்தன. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை (HbA1c) ஏறக்குறைய 9 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தவர்களிடம், கண் நோய் புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. ஆய்வு முடிந்து இரு குழுக்களின் சர்க்கரையும் ஒரே அளவுக்கு வந்த பின்பும், பழைய கட்டுப்பாட்டின் பலன் பல ஆண்டுகள் நீடித்தது. பழைய கட்டுப்பாடின்மையின் கேடும் அப்படியே நீடித்தது. இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களிடம் பிரிட்டன் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில் ஆச்சரியமான செய்தி இரத்த அழுத்தத்தைப் பற்றியது. அழுத்தத்தை இறுக்கிப் பிடித்தவர்களில் விழித்திரை நோய் முற்றுவது 34 விழுக்காடு குறைந்தது. சர்க்கரை மாத்திரையை ஒழுங்காக விழுங்கிவிட்டு பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டுப் போடுபவர்களுக்கு அந்த எண் முக்கியமானது.

ஒரு நுணுக்கம் இங்கே உண்டு. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையை மிக வேகமாக இறக்கினால், முதல் சில மாதங்கள் கண் நோய் சற்று மோசமாகக்கூடும். மேலே சொன்ன அமெரிக்க–கனடா ஆய்விலேயே அது தெரிந்தது; வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட் ஊசியை 2016இல் சோதித்தபோதும் தலைகாட்டியது. அதற்காகக் கட்டுப்பாட்டைக் கைவிட வேண்டியதில்லை; நீண்ட காலத்தில் நன்மையே மிகுதி. தீவிர சிகிச்சை தொடங்குமுன் விழித்திரையைப் பார்த்துவைப்பது மட்டும் அவசியம். கர்ப்பமும் நோயைத் துரிதப்படுத்தும். ஏற்கெனவே நீரிழிவு உள்ள பெண்களுக்கு கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே கண் பரிசோதனை வேண்டும். கர்ப்ப காலத்தில் மட்டும் சர்க்கரை ஏறியவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. சிறுநீரகக் கோளாறும் இரத்தசோகையும் கண்ணைச் சேர்த்தே கெடுக்கும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள், கண்ணில் இரத்தம் கசியுமோ என்று அதை நிறுத்தத் தேவையில்லை. 3,711 பேரை வைத்து நடந்த ஆய்வு அந்த அச்சத்தை நீக்கிவிட்டது.

யாருக்கு எப்போது பரிசோதனை என்பதில் இரு வகையினருக்கும் வேறுபாடு உண்டு. முதல் வகை நீரிழிவு திடீரென்று வெளிப்படுவதால் தொடங்கிய நாள் தெரியும். ஐந்து ஆண்டுக்குள் முதல் பரிசோதனை போதும். இரண்டாம் வகை பல ஆண்டுகள் ஒளிந்திருந்து வெளிப்படுவது. சென்னை நகரில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், நீரிழிவு இருப்பது அப்போதுதான் தெரியவந்தவர்களிலேயே சுமார் 5 விழுக்காட்டினருக்கு விழித்திரை நோய் இருந்தது. நீரிழிவுக்காரர்கள் அனைவரையும் சேர்த்தால் 17.6 விழுக்காடு. ஆகவே இரண்டாம் வகையினருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளே கண் பார்க்க வேண்டிய நாள். பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை. நோய் தொடங்கிவிட்டால் கட்டத்தைப் பொறுத்து ஆறு மாதம், மூன்று மாதம், இன்னும் குறுகலாக. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1980 முதல் நடந்த தொடர் ஆய்வில், இருபது ஆண்டு நீரிழிவோடு வாழ்ந்த முதல் வகையினர் அனேகமாக எல்லோருக்கும், இரண்டாம் வகையினரில் பாதிக்கு மேற்பட்டோருக்கும் ஏதோ ஓர் அளவில் விழித்திரை மாற்றம் இருந்தது.

ஒழுங்காகத் தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. அங்கே 2003இல் நாடு தழுவிய விழித்திரைப் படத் திட்டம் தொடங்கியது. நீரிழிவு உள்ளவர்களுக்கு வீட்டுக்கே அழைப்புக் கடிதம் வரும். குறைந்தது ஐம்பது ஆண்டுகளாக இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதற்காரணமாக இருந்த நீரிழிவு, 2009–10ஆம் ஆண்டுக் கணக்கில் அந்த இடத்திலிருந்து இறங்கிவிட்டது.

இந்தியாவின் சுமை வேறு அளவிலானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் மதிப்பிட்டபடி, நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். நாற்பது வயதைக் கடந்த நீரிழிவுக்காரர்களில் எட்டில் ஒருவருக்கு விழித்திரை நோயும், நூற்றில் நால்வருக்குப் பார்வையையே பறிக்கக்கூடிய கட்டமும் இருப்பதாக இன்னொரு தேசிய ஆய்வு 2022இல் கண்டது. இத்தனை கண்களையும் விரித்துப் பார்க்க விழித்திரை நிபுணர்கள் போதாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா போன்றவை வேனில் கேமராவை ஏற்றிக்கொண்டு ஊர்களுக்குப் போய்ப் படம் எடுப்பதும், படத்தை நகரத்திலிருக்கும் நிபுணர் பார்ப்பதும் இதனால் வந்த ஏற்பாடு. படத்தைக் கணினியே படித்து நோயைக் கண்டுகொள்ளும் செயற்கை நுண்ணறிவு முறையை 2016இல் கூகுள் வெளியிட்டபோது, அதைப் பழக்கிய படங்களில் இந்திய மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. மாத்திரை வீடு தேடி வந்தாலும், கண்ணைக் காட்டக் கேமரா இருக்கும் இடத்துக்கு ஒரு முறையாவது போய்த்தான் ஆக வேண்டும்.

பரிசோதனை நாளன்று நடப்பது இது. முதலில் எழுத்து அட்டை, பிறகு கண் அழுத்தம். அதன்பின் கண்மணி விரியச் சொட்டு மருந்து. சில நொடிகள் எரியும், விரிவதற்கு அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும். மருத்துவர் விளக்கொளியில் விழித்திரையை ஓரம் வரை பார்ப்பார். மாக்குலாவில் வீக்கம் உண்டா என்று அறிய ஓசிடி என்ற ஸ்கேன். தொடாமல், வலிக்காமல், திசுவின் குறுக்குவெட்டை அடுக்கடுக்காகக் காட்டும். தேவைப்பட்டால் கைச் சிரையில் மஞ்சள் சாயம் ஏற்றிக் குழாய்களைப் படமெடுப்பதும் உண்டு. அன்று சிறுநீர் மஞ்சளாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. சொட்டு மருந்தின் வேலை நான்கு முதல் ஆறு மணி நேரம் நீடிக்கும்; வெயில் கூசும், கிட்டத்தில் உள்ள எழுத்து கலங்கும். துணைக்கு ஒருவரை அழைத்துவருவதும், கருப்புக் கண்ணாடி எடுத்துவருவதும், டூவீலரை வீட்டிலேயே விட்டுவருவதும் நல்லது. கடைசி மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியின் சீட்டு, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், முந்தைய கண் பரிசோதனைச் சீட்டு இருந்தால் அதுவும் பையில் இருக்கட்டும். திடீரெனக் கரும்புள்ளிகள் பெருகினாலோ, மின்னல் அடிப்பது போலத் தெரிந்தாலோ, பார்வையின் ஒரு பக்கம் திரை விழுந்தாலோ, இந்த ஏற்பாடுகள் எதற்கும் காத்திராமல் அன்றைக்கே போக வேண்டும்.